கல்லைத் தாண்டி வந்த நிழல்

எனக்குக் கோபம் வந்தால் நல்லது கெட்டது தெரியாது என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது முழுக்க உண்மையில்லை. கோபம் வந்தாலும் எனக்கு நல்லது நன்றாகவே தெரியும். அதை எடுத்துக்கொள்ளத்தான் மனசு வராது. 1991ஆம் வருஷம் சித்திரை மாதத்தில், வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் ஏரிக்கரைக்குக் கீழே, அரை ஏக்கர் புல்தரையில் நின்றுகொண்டு நான் செய்த காரியமும் அப்படிப்பட்டதுதான்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம். சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்தவள் நான். சீராக ஒரு செவலைக் கன்று என்னோடு வந்தது. நான் வேனில் வந்தேன், கன்றை என் தம்பி ரோட்டோரமாகவே ஒரு பகல் முழுக்க நடத்திக் கூட்டிவந்தான். அந்தக் கன்றுதான் பிறகு பசுவாகி, பாகம் பிரித்த வருஷம் தலைச்சினையாக இருந்தது. என் வீட்டுக்காரருக்கு மாட்டின் மேல் பெரிய ஆசை கிடையாது. அவர் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளில் ஏறினால் அவர் கம்பெனிக்காரர், இறங்கினால் தூங்குகிறவர். "மாட்ட நீ இட்டாந்த, நீயே பாத்துக்கோ" என்பதுதான் அவருடைய ஒரே வசனம்.

அவருக்கு ஒரே அண்ணன். அண்ணன் பயிர் வைக்கிறவர், அதிகம் பேசாதவர், எதையும் இரண்டு முறை அளந்து பார்க்கிறவர். அவருடைய மனைவி, என் ஓரகத்தி, என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். அவளிடமும் ஒரு கறுப்புப் பசு இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு ஆன மாதம் அது. அடுப்பு பிரிகிறபோது ஆட்டுக்கல் யாருக்கு என்று நாங்கள் இரண்டு பேரும் இரண்டு நாள் சண்டை போட்டோம். கடைசியில் கல் அவளுக்குப் போனது, குழவி மட்டும் ஒரு வாரம் என்னிடம் இருந்தது. அந்த ஒரு வாரம் இரண்டு வீட்டிலும் தோசை இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒன்றாக டீக்கடைக்குப் போய் பன் தின்றுவிட்டு வந்தார்கள்.

அதற்கப்புறம்தான் புல்தரை. எங்கள் பக்கத்தில் பாகம் பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. பெரியவன் பிரிக்க வேண்டும், சின்னவன் முதலில் எடுக்க வேண்டும். தனக்கு எது மிஞ்சும் என்று தெரியாததால் பிரிக்கிறவன் ஒரு ஜாண்கூடக் கோணலாகப் பிரிக்க மாட்டான். மூத்தவர் காலை முழுக்க அடி வைத்து அளந்து, நடுவில் ஒரு கல் நட்டார். கல்லுக்கு மேற்கே மூன்று புங்கமரமும் ஒரு வேம்பும் நின்றன. கிழக்கே ஒரு மரமும் இல்லை, திறந்த வெளி, வெயில். மரத்தடியில் புல் குறைச்சலாக வரும் என்பதால் அந்தப் பக்கத்தை நாலடி அகலம் கூட்டி விட்டிருந்தார். அவ்வளவு நியாயமான மனுஷன்.

வெயில் பக்கத்தை எடுப்பது என்று நானும் என் வீட்டுக்காரரும் முந்தின நாளே பேசி முடித்திருந்தோம். மரநிழலில் புல் வளராது என்பது ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து என் ஓரகத்தி பக்கத்தில் வந்து, என் காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

"வெளிப்பக்கத்த எடுத்துக்கோமா. அதான் நல்லாக்கீது."

ஆட்டுக்கல்லுக்கு அவ்வளவு சண்டை போட்டவள் நிலத்தில் எனக்கு நல்லது சொல்வாளா? இதில் ஏதோ இருக்கிறது என்று என் புத்தி சொன்னது. வெயிலில் செருப்பில்லாமல் நின்று உள்ளங்கால் வேறு பொரிந்துகொண்டிருந்தது. நான் நகர்ந்து புங்கமரத்தடிக்குப் போனேன். மண் சில்லென்றிருந்தது. மாடு தின்னப் போகிற இடத்தை அன்றைக்கு என் உள்ளங்கால்தான் தேர்ந்தெடுத்தது என்று சொன்னாலும் தப்பில்லை. நான் என் வீட்டுக்காரரின் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

"மரத்துப் பக்கம் எடுங்க."

"நேத்து இன்னா சொன்ன நீ?"

"நேத்து சொன்னது நேத்து."

அவர் என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்த மனுஷனுக்கு வாதாடத் தெம்பில்லை. "மரத்துப் பக்கம்ணா" என்றார். மூத்தவர் ஒரு நிமிஷம் வாயைத் திறந்து மூடினார். என் ஓரகத்தி தலையில் அடித்துக்கொண்டாள். நல்ல நடிப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வைகாசிக் கடைசியில் ஒரு பெருமழை கொட்டியது. அதோடு என் பெருமையெல்லாம் கரைந்துபோனது. பதினைந்தே நாளில் அவள் பக்கம் முழங்கால் உயரம் புல். அறுகும் கொழுக்கட்டைப்புல்லும் நெருக்கிக்கொண்டு, காற்றடித்தால் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக எழுந்தன. என் பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, காய்ச்சலில் எழுந்து வந்த பிள்ளையின் தலைமுடி மாதிரி, வெளிறின புல். அதே மழை, அதே மண். மேலே இலை மூடியிருந்ததுதான் வித்தியாசம். அந்த மூன்று புங்கமரத்தையும் நான் திட்டாத நாள் இல்லை. மாட்டுக்காக ஏரிக்கரை, வரப்பு, கோயில் மதில் என்று ஊரெல்லாம் அரிவாளோடு அலைந்தேன். என் ஓரகத்தி ஒரு மணி நேரத்தில் ஒரு கட்டு அறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஆனி மாதம் என் செவலை ஒரு கிடேரிக் கன்று போட்டது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நாலு காலும் நாலு திசையில் போகிற நடை. நான் அன்றைக்குச் சமைக்கவில்லை, தலை வாரவில்லை, கன்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம். சீம்பால் காய்ச்சி ஒரு கிண்ணத்தில் ஓரகத்தி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். சண்டை சண்டைதான், ஆனாலும் சீம்பால் கொடுக்காமல் விடக்கூடாது. மறுநாள் கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே ஓர் அச்சு வெல்லம். அவளும் வெறும் பாத்திரம் அனுப்பக்கூடாது என்று வளர்ந்தவள்தான்.

அந்த வெல்லம் தீர்வதற்குள் அடுத்த சண்டை வந்துவிட்டது. மரங்கள் மேற்கே இருந்ததால் மத்தியானம் திரும்பியதும் நிழல் கல்லைத் தாண்டி அவள் பக்கம் போகும். ஒரு நாள் அவள் அரிவாளை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"தோ பாரு. உன் மரத்து நெழலு என் புல்லு மேல வுழுது. என் பக்கமும் சோகையாயிடும். கெளைய கழிச்சு வுடு."

"கயிறு இருந்தா குடுக்கா. நெழல கட்டி வெக்கிறேன்."

"பேச்சு மட்டும் நீட்டா வர்து."

"நெழலு வரக்கூடாதுன்னு பாகம் பிரிக்கறப்போ சொல்லியிருக்கணும். அன்னிக்கி காதுல வேற இன்னாவோ சொல்லிகினு இருந்த."

அவள் முகம் சட்டென்று மாறியது. அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. மாட்டுக்கொட்டகையில் எங்களுக்கு நடுவில் ஒரு தென்னங்கீற்றுத் தட்டிதான். அவள் பால் கறக்கிற சத்தம் எனக்குக் கேட்கும், என் சத்தம் அவளுக்குக் கேட்கும். பேச்சு மட்டும் இல்லை. புல்தரையிலும் கல்லுக்குப் பக்கத்தில் அறுப்பதை இரண்டு பேருமே விட்டுவிட்டோம். எல்லை தாண்டினாய் என்று ஒருத்தி ஒருத்தியைச் சொல்லிவிடக் கூடாதே. அவள் பக்கம் மூன்றடி, என் பக்கம் மூன்றடி, நீளத்துக்கும் அரிவாள் படாமல் நின்றது. அண்ணன் தம்பி மட்டும் வழக்கம்போல ஒன்றாக டீ குடிக்கப் போனார்கள்.

ஆடி வந்தது, மழை வரவில்லை. காற்று மட்டும் வந்து புழுதியை வாரி இறைத்தது. சாயங்காலம் மேகம் கூடும், படப்பை பக்கம் நகர்ந்துவிடும். ஆடி பாதியில் ஓரகத்தியின் புல் நுனியிலிருந்து கருக ஆரம்பித்தது. ஆடிக் கடைசியில் அந்தப் பக்கம் முழுக்கத் தேங்காய் நார் நிறம். அறுத்த இடத்தில் மறுபடி துளிர்க்கவில்லை. காலை வைத்தால் மொறுமொறுவென்று சத்தம் கேட்டது.

என் பக்கம் பச்சை. பளபளவென்று, ஈரமாக, நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டு. என்னாலேயே நம்ப முடியவில்லை. விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். மேலே உதிர்ந்து கிடந்த புங்க இலைக்குக் கீழே இரண்டு விரற்கடையில் மண் கறுப்பாக, கையில் ஒட்டுகிற ஈரத்தோடு இருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் யாரும் பார்க்காதபோது கிளறினேன். ஒரு ஜாண் போயும் வெறும் பொடி. இலை மறைத்த வெயில்தான் முதலில் என்னைக் கெடுத்தது. அதே இலைதான் இப்போது என் மண்ணைக் காயாமல் வைத்திருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. திட்டின வாயாலேயே அந்த மூன்று மரத்தையும் கொஞ்சினேன். தினமும் தலைகொள்ளாத கட்டு அறுத்து, குறுக்கு வழி இருந்தும் சுற்று வழியாக, ஓரகத்தியின் சமையலறை வாசலைக் கடந்து வருவேன். புல்லின் நீளம் இரண்டு பக்கமும் தோளுக்குக் கீழே தொங்கும். "கண்ணு படப்போவுது" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னால் காது குளிர்ந்துவிடும். செவலையும் காலையில் நாலு படி, சாயங்காலம் மூன்று படி என்று கறந்தது. மற்ற வீட்டு மாடுகளெல்லாம் ஒன்று, ஒன்றரை என்று இறங்கியிருந்த நேரம் அது.

மாட்டின் இடுப்பெலும்பு மேலே தெரிய ஆரம்பித்ததை நான் பார்த்தேன், கன்று போட்ட உடம்பு என்று விட்டுவிட்டேன். சாணி தண்ணீராகப் போனதையும் பார்த்தேன், பச்சைப் புல் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். சந்தோஷமாக இருக்கிறபோது மனுஷிக்கு எதுவும் கண்ணில் படாது.

ஆவணி முதல் வாரம். காலையில் பால் சொசைட்டியில் வரிசையில் நிற்கிறேன். எனக்கு நாலு பேர் பின்னால் ஓரகத்தி, கையில் ஒரு சின்னத் தூக்கு. பால் அளக்கிறவர் என் பாலில், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற கண்ணாடிக் குழலைப் போட்டார். நல்ல பாலில் அது மிதந்து நிற்கும். என் பாலில் பொசுக்கென்று உள்ளே போனது. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டார். மறுபடி போனது.

"இன்னாமா, உங்க கெணத்துல மட்டும் தண்ணி ஜாஸ்தியா கீதா?"

வரிசையில் சிரிப்பு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பாலில் தண்ணீர் ஊற்றினாள் என்கிற பேச்சு எங்கள் ஊரில் லேசான பேச்சு இல்லை. பேரன் பேத்தி காலம் வரைக்கும் கூட வரும்.

"நா ஒரு சொட்டு ஊத்தல."

"நீ ஊத்தல, நா ஊத்தல. அப்போ யாரு ஊத்தனாங்க?"

"நாளைக்கு மாட்டையே இங்க இட்டாரேன். உன் கண்ணு முன்னாடி கறக்கறேன். அப்பால சொல்லு."

சொன்னால் செய்கிறவள் நான். மறுநாள் காலையில் செவலையையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு சொசைட்டி வாசலுக்குப் போய்விட்டேன். விஷயம் தெரிந்து வழக்கமாகப் பால் ஊற்றாதவர்கள்கூட வந்திருந்தார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினேன், முந்தானையால் உள்ளே துடைத்துக் காட்டினேன். கன்றை ஊட்டவிட்டு, எல்லோரும் பார்க்க உட்கார்ந்து கறந்தேன். நுரை அடங்கட்டும் என்று அவரும் பொறுமையாக நின்றார். பிறகு குழலைப் போட்டார்.

பொசுக்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒருத்தர், "மாடே கலந்துகினு வர்துப்பா" என்றார். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்புதான் வருகிறது. அன்றைக்குப் பூமி பிளந்து என்னையும் மாட்டையும் சேர்த்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சிரிக்காத ஒரே ஆள் என் ஓரகத்தி.

பால் அளக்கிறவர் நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீ கலக்கல, ஒத்துக்கறேன்மா. ஆனா இத்த ஊத்தனா மொத்த கேனும் அங்கேந்து திரும்பி வந்துடும். ஒரு வாரம் பாக்கறேன். அப்பவும் இப்டியே இருந்தா உன் அட்டைய நிறுத்தறத தவிர வேற வழியில்ல."

அட்டை நின்றால் பால் ஊற்ற முடியாது. பால் ஊற்ற முடியாத மாட்டை வைத்திருக்க எங்களால் முடியாது. என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சைக்கிளை விட்டு இறங்கியதும் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நேராக என்னிடம் வந்தார்.

"வித்துடலாம். ஞாயித்துக்கெழம தரகர வரச் சொல்றேன்."

"கன்னுக்குட்டிய?"

"தாய வுட்டுட்டு கன்ன வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதனால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லை. நான் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். ஐந்து நாள் இருந்தது. செவலை என் தோளை நக்கியது. அது என்னோடு இந்த வீட்டுக்கு வந்த ஜீவன். புதுப் பெண்ணாக வந்த புதிதில் யாரிடமும் பேசத் தெரியாமல் நான் பேசினது அதனிடம்தான். அழுகை வந்தது, அழுதேன்.

தென்னங்கீற்றுத் தட்டி அசைந்தது. ஓரகத்தி உள்ளே வந்து நின்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"அந்த புல்ல இப்டி குடு."

தொட்டியிலிருந்து ஒரு கை புல்லை எடுத்து முறுக்கினாள். விரலிடுக்கில் பச்சைத் தண்ணீர் வழிந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் போய்த் தன் மாட்டுப் புல்லில் ஒரு கை எடுத்து வந்து முறுக்கினாள். வைக்கோல் முறுக்கிய மாதிரி சத்தம் மட்டும் வந்தது, துளி ஈரமில்லை.

"உன் கட்ட ஒரு நாளு வெயில்ல காய வெச்சு பாத்துக்கிறியா?"

"இல்ல."

"நா பாத்தேன். அன்னிக்கி நீ என் வாசப்படி வழியா போறப்ப ஒரு புடி வுழுந்துச்சி. எடுத்து கூர மேல போட்டேன். சாயங்காலம் பாத்தா, சட்டில வேவவெச்ச கீர மாரி சுருங்கி போச்சு. வெயிலு பாக்காத புல்லு, நீட்டமா கீது, உள்ள ஒன்னியும் இல்ல. மாடு வயிறு முட்ட தண்ணி தின்னுகினு கீது."

நான் சுற்று வழியாகப் போய்க் காட்டின பவிசுக்கு இப்படி ஒரு பலன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

"பாத்தப்பவே சொல்றதுக்கு இன்னாக்கா?"

"நா சொன்னா நீ கேட்டுடுவியா?"

முறுக்கிய புல்லைத் தொட்டியில் போட்டாள். அவளே தொடர்ந்தாள். "எங்கிட்ட கீற புல்லுல சத்து கீது. ஆனா மாட்டுக்கு அர வயிறுகூட ரொம்பல. ஒரு படி கறக்குது, அதும் எட்டி ஒதைச்சிகினு. ரெண்டையும் கலந்து போட்டு பாக்கலாம். காலைல வா."

விடிந்ததும் போனோம். என் புல்லை அவள் பார்த்தாள், அவள் புல்லை நான் பார்த்தேன். அவளுடையது எவ்வளவு சுரண்டினாலும் இரண்டு மாட்டுக்கும் ஒரு வாரம் தாங்காது. அதைச் சொல்லிக்கொண்டே நடந்து கல்லுக்குப் பக்கத்தில் வந்தோம். வந்தவர்கள் அப்படியே நின்றோம்.

கல்லுக்கு இந்தப் பக்கம் மூன்றடியும் அந்தப் பக்கம் மூன்றடியும் புல் தொடை உயரத்துக்கு நின்றது. அவளுடையதைப் போலக் கருகவில்லை, என்னுடையதைப் போலத் துவண்டு விழவும் இல்லை. கரும்பச்சை. தண்டு விறைப்பாக, நுனியில் கதிர் விட்டு. நான் ஒரு பிடி பிடுங்கி முறுக்கினேன். ஈரமும் இருந்தது, நாரும் இருந்தது.

"அறுக்காம வுட்டதால இவ்ளோ வளந்துட்ச்சா?" என்றேன்.

"பாதி அதான். அது மட்டும்னா என் பக்கம் ஓரத்துல அறுக்காத வரப்பு கீதே, அதும் இப்டி இருக்கணும்ல? அது கருகி போச்சே." அவள் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். "இங்க மத்தியானம் வரிக்கும் வெயிலு. அதுக்கப்பால உன் நெழலு."

கிளையைக் கழித்து விடு என்று அவள் சொன்ன அதே நிழல். முடியாது என்று நான் மல்லுக்கு நின்ற அதே நிழல். அது போய் விழுந்த இடத்தில்தான் அந்த வருஷம் ஊரிலேயே நல்ல புல் வளர்ந்திருந்தது. இரண்டு பேரும் கோபத்தில் தொடாமல் விட்டதால் மிச்சமும் இருந்தது. முதலில் யார் சிரித்தது என்று ஞாபகமில்லை. கல்லில் ஒருத்தியும் தரையில் ஒருத்தியும் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தோம். ஏரிக்கரையில் போனவர் ஒருத்தர் நின்று பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, வேகமாக நடந்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் கல்லுக்குக் கிழக்கிலிருந்தும் நான் மேற்கிலிருந்தும் அந்தப் பட்டையை நீளவாக்கில் எட்டடி எட்டடியாக அறுத்துக்கொண்டு வருவோம். அதோடு அவளுடைய காய்ந்த புல்லில் கொஞ்சமும் என்னுடைய பச்சையில் கொஞ்சமும் சேர்த்துக் கலப்போம். முதல் நாள் கட்டு கட்டி முடித்ததும் அவள் சொன்னாள். "நா பிரிக்கறேன். நீ எடு." இந்தத் தடவை காதோரம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கட்டும் ஒரே அளவு. அவள் புருஷனைப் போலவே அவளும் இரண்டு முறை அளந்து பார்க்கிறவள்தான்.

இரண்டாம் நாள் செவலையின் சாணி இறுகியது. எனக்கு அன்றைக்குச் சாணி வழிக்கிறதே சந்தோஷமாக இருந்தது என்றால் யார் நம்புவார்கள். பால் ஏழு படியிலிருந்து ஐந்தாக இறங்கியது, ஆனால் கறக்கிறபோதே நுரை திடமாக நின்றது. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எவ்ளோ?" என்று குரல் வரும். சொல்வேன். "என்னுது ரெண்டாச்சு" என்பாள்.

தரகர் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, மறுபடி பாலை எடுத்துக்கொண்டு போனேன், சொசைட்டியில் நல்ல கூட்டம். இந்த முறை என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நின்றாள் ஓரகத்தி. பால் அளக்கிறவர் என் பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழலைப் போட்டார். அது இறங்கியது.  ஓர் இடத்தில் நின்று, மேலே வந்து, இரண்டு ஆட்டம் ஆடி, தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

அவர் குனிந்து பார்த்தார். "தோ, இது பாலு."

"நல்லா பாத்துக்கோ" என்றாள் ஓரகத்தி என் தோளுக்கு மேலாக. "இன்னொரு தபா போட்டு பாக்கறதுன்னாலும் பாத்துக்கோ. அன்னிக்கி சிரிச்சவங்கெல்லாம் கிட்ட வந்து பாருங்க."

ஒருத்தரும் கிட்ட வரவில்லை. என் அட்டையில் அவர் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். என் வீட்டுக்காரர் அவருக்கு எங்கள் மாட்டுப் பாலிலேயே டீ போடச் சொல்லி, குடிக்க வைத்து, "எப்டி கீது பாலு?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். ஏதோ அவரே புல் அறுத்த மாதிரி.

புரட்டாசியில் மழை இறங்கியது. அதற்கு முந்தின நாளோ அதற்கும் முந்தின நாளோ, கல்லோரம் கடைசிக் கட்டை நாங்கள் சாயங்காலத்தில் அறுத்தோம். வேலை முடிந்து அவள் கட்டைப் பிரித்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நான் எடுக்கவில்லை. ஐந்து மாதமாக மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கி பாகம் பிரிக்கறப்போ வெளிப்பக்கத்த எடுத்துக்கோன்னு ஏன் சொன்ன?"

"அதான் நல்லாக்கீதுன்னு சொன்னேன்."

"நல்லதா இருந்தா நீ எடுத்துக்கணும்னு தானே நெனப்ப?"

அவள் அரிவாளில் ஒட்டியிருந்த புல்லை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"உன் மாடு மொத சென. என்னுது வெறும் மாடு, எத்த தின்னாலும் காலம் தள்ளும். சென மாட்டுக்கு வெயிலு புல்லு வேணும்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவுரு, சின்னவன்தானே எடுக்கணும், நா இன்னா சொல்றதுன்னாரு. அதான் நானே வந்து சொன்னேன். நீ மரத்துப் பக்கம் எடுத்தப்போ எனக்கு மனசே ஆறல. நெழலப் பத்தி நீ அப்டி கேட்டப்போ, சரி, இவகிட்ட இனிமே எத்த சொல்றதுன்னு வுட்டுட்டேன்."

  அவள் தலையில் அடித்துக்கொண்டது நடிப்பில்லை. அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் நின்றது ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வெட்கத்தைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று வந்தது. இந்த வீட்டில் என் மாட்டைப் பற்றிக் கவலைப்பட என்னைத் தவிர இன்னொருத்தி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. புங்கமரத்து நிழல் கல்லைத் தொட்டு, தாண்டி, அவள் கால் வரைக்கும் போய்விட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தோ பாரு. உன் நெழலு என் பக்கம் வந்துட்ச்சி."

"வரட்டும்க்கா" என்றேன். "கொஞ்ச நேரம் அதுலயே உக்காரு. நா கட்ட தூக்கிகினு வரேன், ரெண்டையும்."